உள்ளூராட்சித் தேர்தலும் நம் வாலிபரும்

(நம் சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளூராட்சித் தேர்தலில் வாலிபரின் பங்கு என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். இதனைப் பேச எனக்கென்ன தகுதி என்று கேட்டேன். "நீர் பேராதனையில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறீர் அல்லவா, அது போதும்" என்றார்கள். உண்மையில் எனக்குள்ள தகுதி வேறு. 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, இந்நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. அத்தேர்தலில் எனக்கு வாக்கு இருந்தது. நான் வாக்களிக்கவில்லை. அந்தத் தகுதியோடுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

எனது பெயர் பதிந்திருப்பது கண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறிச் செல்லவேண்டிய ஒரு தோட்டத்தில். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அதைச் சொன்னால் பிரதேச சபையின் பெயரையும் சொன்னதாகும். பரீட்சை நெருங்கியிருந்தது. விடுதியில் நண்பர்கள் பலர் ஊருக்குப் போகவில்லை. "சின்னத் தேர்தல்தானே, யார் வந்தால் என்ன" என்று ஒருவர் சொன்னார். அப்படிச் சொன்னவர் வேறு யாருமல்லர், நானே. பகலெல்லாம் குறிப்புகளைப் புரட்டினேன். எந்தப் பாடத்தின் குறிப்புகள் என்று கேளாதீர்கள். அதில் ஜனநாயகம் என்ற சொல் பக்கத்துக்குப் பத்து முறை வரும்.

அன்று மாலை வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. திரையில் என் அப்பாயி. வயது எண்பது. லயத்திலிருந்து வாக்கெடுப்பு நிலையமாயிருந்த பாடசாலைக்குக் குறுக்கு வழியாகக் கோலூன்றி இறங்கிப் போய், மீண்டும் ஏறி வந்திருக்கிறார். மை பூசிய விரலைத் திரைக்கு நேரே பிடித்தார். "ஒன் வெரல காட்டு தம்பி" என்றார். நான் பரீட்சையைச் சொன்னேன், பஸ்ஸைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எங்களுக்குக் குடுக்கல. ஒனக்குக் குடுத்தாங்க. ஒனக்கு வேணாமாக்கும்" என்று சொல்லித் தொலைபேசியை என் தங்கையிடம் கொடுத்துவிட்டார்.

நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். எசமான் கொடுத்த தாலந்தை மண்ணிற் புதைத்து வைத்த வேலைக்காரனின் கதையைக் காலை வணக்கத்தில் ஆண்டுதோறும் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் அவன்மீது எனக்குச் சிறிது இரக்கமே உண்டாகும். திருடவில்லையே, பத்திரமாகத்தானே வைத்தான் என்று எண்ணுவேன். அன்றிரவுதான் அவன் செய்தது எனக்கு விளங்கிற்று.

அப்பாயி சொன்ன "குடுக்கல" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிய சரித்திரத்தைச் சிறிது விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். 1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் இந்நாட்டுக்குச் சர்வஜன வாக்குரிமை வந்தது. மலைநாட்டுத் தமிழருக்கு அது நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. எனினும் கிடைத்த அளவிலேயே நம்மவர் அதனை எப்படிப் பயன்படுத்தினர் என்று பாருங்கள். இதே கண்டியில் திரினிட்டிக் கல்லூரியிற் படித்த பெரி. சுந்தரம் 1931இல் அரசாங்க சபை சென்று தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியானார். 1936இல் ஹட்டன் தொகுதி கோ. நடேசய்யரை அனுப்பிற்று. 1947இல் நாவலப்பிட்டி மக்கள் இராஜலிங்கத்தையும், தலவாக்கலை மக்கள் சி. வி. வேலுப்பிள்ளையையும், நுவரெலியா மக்கள் தொண்டமானையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வாக்காளரிற் பெரும்பாலோர் இடாப்பிலே இல்லை.

இவ்வளவும் நீங்கள் அறிந்ததே. ஆனால் பலர் கவனியாத ஒன்று உண்டு. பாராளுமன்ற வாக்குப் பறிக்கப்படுவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1930களின் பிற்பகுதியில், கிராமச் சங்கத் தேர்தல் வாக்குரிமையைச் சட்டசபை விரிவாக்கியபோது, தோட்டத்திற் குடியிருந்த இந்தியத் தொழிலாளரை வெளியே நிறுத்திற்று. நம்மவருக்கு முதன்முதல் மறுக்கப்பட்ட வாக்கு மந்திரியைத் தெரிவு செய்யும் வாக்கன்று. கிணற்றையும் பாதையையும் கவனிக்கும் உறுப்பினரைத் தெரிவு செய்யும் வாக்கே. தோட்டத்து மனிதனுக்குக் கிராமத்துக் காரியத்தில் என்ன வேலை என்பதே அன்றைய வாதம். அதே வார்த்தையைத்தான், நண்பர்களே, விடுதி அறையிலிருந்து நானும் சொல்லியிருக்கிறேன்.

பிறகு 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் தலைகளை எண்ணிப் பகுத்தனர். மிகுந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. என் அப்பாயி எந்தக் கணக்கிலும் சரியாக வரவில்லை. அவருடைய தமையன் குடும்பம் கப்பலேறிப் போயிற்று. இவர் பத்துக் காம்பிரா லயத்தில் இருந்தபடியே இருந்தார். 1988ஆம் ஆண்டுச் சட்டம் பலருக்கு வழிவிட்டது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழிவிட்டது. அதன் பின்னரே அவர் பெயர் இடாப்பில் ஏறிற்று. 2005 நவம்பரில், தம் அறுபதாவது வயதில், அவர் முதன்முதலாக வாக்களித்தார். அதன்பின் ஒரு தேர்தலையும் அவர் தவறவிட்டதில்லை. மழையும் பார்க்கமாட்டார், முழங்கால் நோவும் பார்க்கமாட்டார்.

வாக்குக் கிடைத்தும் ஒரு தடை நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் பணத்தைச் செலவிட அது இடங்கொடாமல் நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களிப்பார்கள், உறுப்பினர் சபைக்குப் போவார், வந்து கையை விரிப்பார்: "தோட்டத்து ரோட்டுக்குச் சபைக் காசு போடச் சட்டம் இல்லை." கம்பத்து விளக்கு கிராம எல்லையோடு நின்றுவிடும். இத்தகைய வாக்கில் மக்கள் பற்றிழந்ததில் வியப்பில்லை. எங்கள் தோட்டத்தாரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. இன்று சபை தோட்டத்துக்குள் வரலாம், பாதை போடலாம், நீர் கொண்டுவரலாம். எண்பதாண்டுக்காலம் மறுக்கப்பட்டும் பயனற்றும் கிடந்த ஒரு வாக்கு, பெறுமதி பெற்று ஏழாண்டுகூட நிரம்பாத வேளையில்தான் நான் விடுதியிற் படுத்திருந்தேன்.

நான் மட்டுமல்லன் என்பது ஆறுதலன்று, கவலை. 2024 செப்டெம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலில் நாட்டு வாக்காளரில் 79 விழுக்காட்டினர் வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பர்ப் பாராளுமன்றத் தேர்தலில் அது ஏறத்தாழ 69 ஆயிற்று. 2025 மே மாதத்தில் அறுபதைச் சற்றே தாண்டிற்று. தேர்தல் நம் வாசலுக்கு எவ்வளவு அண்மையில் வருகிறதோ, அவ்வளவுக்கு நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். சனாதிபதித் தேர்தலில் என் வாக்கு ஒரு கோடியே எழுபது இலட்சத்தில் ஒன்று. வட்டாரத் தேர்தலிலோ சில ஆயிரத்தில் ஒன்று. அந்தச் சில ஆயிரத்திற் பாதிப்பேர் முகம் எனக்குத் தெரியும்.

இத்தேர்தல் எளிதில் வந்ததுமன்று. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அவ்வாண்டு நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லையென்ற காரணத்தால் நின்றது. தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதாகும் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இரண்டாண்டுக்கு மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட ஓர் உறுப்பினர்கூட இன்றி, உத்தியோகத்தரின் கையில் மட்டும் சபைகள் இயங்கின. பிறர் வழக்காடி மீட்டுத் தந்ததை நாம் பரீட்சைக் குறிப்பின் கீழ் வைத்து மறந்தோம்.

"எங்கள் ஆள் வெல்லப் போவதில்லை; ஏன் மெனக்கெட வேண்டும்?" என்பது நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. பழைய முறைகளை மனத்தில் வைத்துச் சொல்லும் பேச்சு இது. இப்போதுள்ள முறையில் உறுப்பினரில் 60 விழுக்காட்டினர் வட்டாரங்களிலிருந்து வருகின்றனர். 40 விழுக்காட்டினர் பட்டியலிலிருந்து வருகின்றனர். வாக்குச் சீட்டில் ஒரே ஒரு புள்ளடி. விருப்பு வாக்கு இல்லை. வட்டாரத்தில் தோற்றவருக்குப் போட்ட வாக்கும் வீணாவதில்லை. சபை முழுவதற்குமான கூட்டுத்தொகையிற் சேர்ந்து, அக்கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ உரிய ஆசனங்களைக் கணிக்க உதவுகிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் சிறுதொகையாகச் சிதறி வாழும் கண்டி மாவட்டத் தமிழருக்கு இதனினும் இசைந்த ஏற்பாடு வேறென்ன வேண்டும்? அளிக்கப்படாத வாக்கு ஒன்றே எந்தக் கூட்டுத்தொகையிலும் சேராது.

இங்கே நகரத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்கள், இவையெல்லாம் தோட்டக் காரியம் என்று எண்ண வேண்டாம். கண்டி மாநகர சபை 1865ஆம் ஆண்டு மாநகர சபைச் சட்டத்தால் கொழும்போடு சேர்ந்து தோன்றிய பழைமையுடையது. காலையில் நீங்கள் முகங்கழுவிய நீர் அச்சபையின் நீர். துனுமடலாவக் காட்டு நீர்த்தேக்கங்கள் அதன் பொறுப்பிலுள்ளவை. நீங்கள் வீசிய குப்பை கொஹாகொடைக்குப் போவதும் அச்சபையின் வண்டியிலே. அந்தக் குப்பையை அள்ளுவோர் யார்? மகியாவையிலே நெருக்கமான குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் சகோதரர் பலர் அவ்வேலையிலேயே இருக்கின்றனர். மாநகரத்தைச் சுத்தஞ் செய்பவன் தான் வாழும் வீட்டைப்பற்றி மாநகர சபையிற் பேச ஒரு குரலும் இல்லாதிருப்பது, அவனுடைய வெட்கமன்று. அவனருகே வாழ்ந்தும் வாக்களிக்காத நம்முடைய வெட்கம். பரீட்சைக் காலத்தில் நாம் இடம்பிடித்து உட்காரும் டீ. எஸ். சேனாநாயக்க நூலகமும் சபையின் நூலகமே. அங்கே தமிழ்ப் புத்தகம் போதாதென்று முணுமுணுக்கும் நம்மில் எத்தனை பேர் அதை எழுத்திற் கொடுத்திருக்கிறோம்?

நம் மேடைகளில் இப்பொருள் வந்தால் உத்தரமேரூர் வராமற் போகாது. நானும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 920 அளவில், முப்பது குடும்பாக ஊரைப் பிரித்து, ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பித்த முறை கோவிற் சுவரில் இன்றும் இருக்கிறது. பெருமைதான். ஆனால் அந்தக் குடத்துள் ஓலையாக விழுவதற்குக் கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும், முப்பத்தைந்துக்குக் குறையாத வயதும் வேண்டும். அப்பாயிக்கு நிலமில்லை, எனக்கு வயதில்லை. அவ்விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்றே: பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனின் உறவினர் பெயரும் குடத்திற் போடப்படாது. அதை மட்டும் இன்று கொண்டுவந்தால் சில சபைகளில் வேட்பாளர் பஞ்சம் வரலாம்.

இனி, வாக்களிப்பதோடு காரியம் முடிந்ததென்று எண்ணிவிடலாகாது. தேர்தல் முடிந்து சில மாதங்களின் பின், மனச்சாட்சி குத்தியபடியால், நானும் இரு நண்பர்களும் எங்கள் பிரதேச சபைக் கூட்டமொன்றைப் பார்க்கப் போனோம். பொதுமக்கள் அமரப் போட்டிருந்த கதிரைகளில் எங்கள் மூவரைத் தவிர ஒருவருமில்லை. எங்களைக் கண்டு எழுதுவினைஞர் ஏதோ முறைப்பாடு வந்திருக்கிறதென்று பயந்துவிட்டார். ஒவ்வொரு வட்டார உறுப்பினரும் எழுந்து தம் பகுதிக்கு மதகு, விளக்கு, மயானச் சுவர் என்று கேட்டனர். எங்கள் வட்டார உறுப்பினரும் கேட்டார், கிராமப் பகுதிக்கு. தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையுமில்லை. கூட்டம் முடிந்ததும் சற்றுக் கோபத்தோடுதான் அவரை அணுகினேன். அவர் சிங்களவர், நல்ல தமிழ் பேசினார். "தம்பி, கிராமத்து ஆட்கள் வாரத்துக்கு ஒரு கடுதாசி தாறாங்க. உங்க தோட்டத்திலிருந்து ஒரு துண்டுகூட வரல்லையே. நான் எதை வைத்துப் பேச?" என்றார். எனக்குப் பதில் இருக்கவில்லை.

அன்றிரவே லயத்திற் கூடி எழுதினோம். பிரட்டுக்களத்திலிருந்து பிரதான ரோட்டுக்கு இறங்கும் பாதையில், மழைநாளிற் கொழுந்துக் கூடையோடு பெண்கள் வழுக்கி விழும் இடம் இரண்டு உண்டு. அவற்றைப் படம் வரைந்து காட்டினோம். அப்பாயி முதலிற் கையொப்பமிட்டார். பழக்கமில்லாத கை, பெயர் இரண்டு வரிக்கு நீண்டுவிட்டது. சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து சென்றார். தோட்ட நிர்வாகத்தின் இணக்கமும் வேண்டுமென்றார்கள், அதற்கும் எழுதினோம். பாதை இன்னும் போடப்படவில்லை. போடப்பட்டது என்று சொல்லிக் கைதட்டல் வாங்க எனக்கும் ஆசைதான். ஆனால் அடுத்த கூட்டத்தில் எங்கள் தோட்டத்தின் பெயர் சபைக் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. நாங்கள் கதிரையிலிருந்து பார்த்தோம்.

நம் சங்கத்துக்குச் சில வார்த்தை. தேர்த் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடவும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் ஐம்பது வாலிபர் நமக்கு ஒரே நாளிற் கிடைக்கின்றனர். 2025 மே 6ஆம் திகதி இம்மண்டபம் பூட்டிக் கிடந்தது. எந்தக் கட்சிக்கும் நாம் வேலை செய்ய வேண்டியதில்லை, செய்யவுங் கூடாது. ஆனால் கிராம உத்தியோகத்தர் ஆண்டுதோறும் தரும் வாக்காளர் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பத் தெரியாத வீடுகள் உண்டு. பெயர் ஓரிடத்திற் செல்லம்மா, இன்னோரிடத்திற் செல்லம்மாள் என்று மாறி, தேசிய அடையாள அட்டைக்கும் இடாப்புக்கும் ஒவ்வாமல் தவிப்போர் உண்டு. பதினெட்டு வயதானதும் பதியலாம் என்பதும், இடையில் பதினெட்டாவோருக்குத் துணை இடாப்பு உண்டென்பதும் அறியாத மாணவர் நம் மண்டபத்திலேயே இருக்கக்கூடும். வாக்காளர் அட்டை தபாலில் வந்து சேராவிட்டாலும், பெயர் இடாப்பிலிருந்து அடையாள அட்டை கையிலிருந்தால் வாக்களிக்கலாம். இதையறியாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட கிழவர் இருவரை எங்கள் தோட்டத்திலேயே கண்டேன். வாக்களிக்கப் போனால் பேர் விழாது, அரைப் பேர்தான் போடுவார்கள் என்று அஞ்சுவோருக்கு, எழுத்திற் கேட்டாற் சம்பளக் குறைவின்றி விடுப்புத் தரவேண்டுமென்பது சட்டம் என்று யாராவது சொல்ல வேண்டாமா? அந்தக் கடிதத்தை யாராவது எழுதிக் கொடுக்க வேண்டாமா?

நல்லெண்ணத்தில் யாரும் வான் பிடித்து வாக்காளரை ஏற்றிச் செல்லப் புறப்பட வேண்டாம்; அது சட்டவிரோதம். நடக்க இயலாதவர் தெரிவத்தாட்சி அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வழியுண்டு. அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதும் நம் கையாலாகும் வேலையே.

தூரத்திற் படிக்கும் மாணவருக்குத் தபால் வாக்கு இல்லை. ஆதலின் பல்கலைக்கழக நண்பர்கள் பஸ்ஸேற வேண்டும். இரண்டு பஸ்ஸானாலும் ஏற வேண்டும். என்னோடு விடுதியிலிருப்போருக்கு இதை நான் தனியே சொல்லிக்கொள்கிறேன்.

தலைவர் அவர்களிடம் முன்னரே அனுமதி பெற்று ஒரு வெள்ளைத்தாள் கொண்டுவந்திருக்கிறேன். பெயரும், இடாப்பிற் பதிந்துள்ள கிராம உத்தியோகத்தர் பிரிவும் எழுத இடம் விட்டிருக்கிறேன். தம் பிரிவு எதுவென்று தெரியாதவர் வெட்கப்படாமல் அவ்விடத்தை வெறுமையாக விடலாம். அவர்கள் வீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருவர் இருவராகப் போவோம். முதலாவதாக என் பெயரை எழுதியிருக்கிறேன். கடைசி வரிசையிலிருந்து தொடங்கட்டும். அங்கேதான் எனக்குத் தெரிந்த முகங்கள் அதிகம்.